மாட்டுக்கார மெல்லிசைக் குழுவும் மஞ்சள் தடவிய மொட்டைக் கடுதாசியும்

உ

என் பாசத்துக்குரிய மாமாவுக்கு,

செந்தில் எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்கிப் பழக்கம். நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டதால் அந்த வரியை என்ன செய்வதென்று தெரியவில்லை. இங்கே நாங்கள் நலம். உங்கள் பெண் கயல் பார்சிப்பனியில் வேலைக்குச் சேர்ந்து, நியூ ஜெர்சிக் குளிரைத் திட்டிக்கொண்டே அங்கேயே இருக்கிறாள். பின்வாசல் முருங்கை போன உறைபனியில் கருகிப் போய், இப்போது இடுப்பு உயரத்துக்குத் துளிர்த்திருக்கிறது. உங்களைக் கட்டிக்கொண்ட என் அக்கா நலமா என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

இதை நம் தமிழ்ச் சங்க மலரில் போடப் போகிறார்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நம் குடும்பத்தில் யார், எப்போது, சொன்ன இடத்துக்குள் முடித்திருக்கிறோம்? ஊரே படிக்கப் போவதால் உங்களுக்குத் தெரிந்த கதையையே சில இடங்களில் உங்களிடம் திருப்பிச் சொல்ல வேண்டி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். கோபியில் நீங்கள் பாம்பை மிதித்த கதையை நான் இருபது வருடம் பொறுத்துக்கொண்டேன்.

முதலில் செய்தி. நம் மாவட்டத்துக் கவுன்டி கண்காட்சியில் பாடுவதற்கு நம் குழுவை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். அதே கண்காட்சி, அதே வைக்கோல் மேடை. அன்றைக்கு உங்கள் மேல் நுரை பீய்ச்சிய தீயணைப்புத் தொண்டர்தான் இப்போது விழாக் குழுத் தலைவர். இத்தனை வருடம் கழித்தும் ஜனங்கள் கேட்பது உங்கள் நிகழ்ச்சியைத்தான் என்று போனில் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

குழு எப்படித் தொடங்கியது என்பதை மலர் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டெக்சாசில் இந்த ஆலன் ஊருக்கு வந்த புதிதில் நீங்கள் வாங்கிய பழைய காரில் ரேடியோ ஒரே ஸ்டேஷனில் சிக்கிக்கொண்டது. அது கன்ட்ரி பாட்டு ஸ்டேஷன். வேறு ஆளாக இருந்தால் ரேடியோவை மாற்றியிருப்பார். நீங்கள் மூன்றே மாதத்தில் மாட்டுக்காரத் தொப்பி வாங்கினீர்கள்.

"மாப்ளே, இந்தப் பாட்டுல என்ன இருக்குதுன்னு நல்லாக் கேளு. மாடு, அம்மா, பழைய வண்டி, கைவிட்டுப் போன புள்ள. நாலும் நம்மூர்ல இல்லையா? தொப்பி ஒண்ணுதான் புதுசு" என்றீர்கள். கேட்டதும் எனக்கு நியாயமாகப் பட்டது. அதுதான் நான் செய்த முதல் தப்பு.

பெயர் வைக்கும் பொறுப்பை உங்களிடம் விட்டது இரண்டாவது தப்பு. டெக்சாசின் பட்டப்பெயரையும் சேர்த்து, லோன் ஸ்டார் மாட்டுக்கார மெல்லிசைக் குழு. கிட்டாரும் பாட்டும் நீங்கள். கல்லூரி ஆர்கெஸ்ட்ராவில் தாம்பரம் கச்சேரி வரை போய் வந்தவன் என்ற தகுதியில் பேஸ் கிட்டார் நான். டிரம்ஸ் ஜெபநேசன் டாக்டர், யாழ்ப்பாணத்துக்காரர், பகலில் பல் டாக்டர். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் நாலாவது வரியில் அது ஆட்டம் போட வைக்கிற பைலாவாகிவிடும். பிடில் வாசித்தது மைதிலி, சென்னையில் முறையாக வயலின் கற்றவர். மூன்று நிமிடப் பாட்டுக்கு நாலு நிமிடம் ஆலாபனை செய்யாமல் அவருக்குக் கை ஓடாது.

இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு சனிக்கிழமை நாலு மணிக்கு உங்கள் கராஜில் ஒத்திகை. அக்கா ஏழரைக்கு இட்லித் தட்டோடு வந்து நின்றால் ஒத்திகை முடிந்தது என்று அர்த்தம். பாட்டெல்லாம் நீங்கள் எழுதியது. தன் முறை வரும் தேதிக்காகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவனின் பாட்டை இன்றைக்கும் சங்கத்துக் குழந்தைகள் அர்த்தம் தெரியாமல் பாடுகின்றன:

பிரையாரிட்டி தேதி வந்துருச்சா புள்ளே,
பின்வாசல் முருங்கை பூத்துருச்சா?
வரிசையில நானும் நிக்கறன் புள்ளே,
வயசு மட்டும் முன்னால போயிருச்சா?

கண்காட்சி நாளைப் பற்றி நான் எழுதினால் உங்களுக்குக் கோபம் வரும். இருந்தாலும் எழுதுகிறேன். நமக்குக் கொடுத்தது இருபது நிமிடம். மேடை ஏறினால் பாட வேண்டும் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். நமக்கோ வரவேற்புரை இல்லாமல் நிகழ்ச்சி தொடங்கினால் உடம்பு ஒத்துக்கொள்ளாது. ஜெபநேசன் டாக்டர் வரவேற்புரை ஆற்றினார். பிறகு ஷெரிப் ஆபீஸ்காரருக்குப் பொன்னாடை, ஆட்டுப் போட்டிக்கு நடுவராக வந்த அம்மாவுக்குப் பொன்னாடை, மைக் செட்காரருக்குப் பொன்னாடை. மைக் செட்காரர் அதைக் குளிருக்குக் கொடுத்தது என்று நினைத்துப் போர்த்திக்கொண்டே வேலை பார்த்தார். பதினாலு நிமிடம் போயிற்று.

அப்புறம் நீங்கள் குத்துவிளக்கை எடுத்து வைக்கோல் கட்டின் மேல் வைத்தீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை, விளக்கு ஏற்றாமல் எப்படி என்றுதான் தோன்றியது. மூன்றாவது திரியை ஏற்றும்போது இரண்டு பேர் ஓடி வந்தார்கள். தொப்பி, மீசை, கிட்டார் எல்லாம் நுரையாக நின்றுகொண்டு, மீதி இருந்த நேரத்தில் ஒன்றரைப் பாட்டு பாடினீர்கள். மாமா, அந்த ஒன்றரைப் பாட்டுக்குக் கூட்டம் எழுந்து நின்றது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்தக் கூட்டத்தில்தான் அந்த ஏற்பாட்டாளர் இருந்தார். டெக்சாஸ் முழுக்க சின்னச் சின்ன ஊர்க் கண்காட்சிகளுக்குக் கோடைக்காலம் பூராவும் அழைத்துப் போகிறேன் என்றார். நீங்கள் அன்றிரவே ராஜினாமா கடிதம் டைப் பண்ணிவிட்டீர்கள். வேலையும் விசாவும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிற சமயம் அது. கிரீன் கார்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த வாரமே எச்.ஓ.ஏ.விலிருந்து நோட்டீஸ் வந்தது. வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கம், புல் எவ்வளவு உயரம் வளரலாம், குப்பைத் தொட்டி எத்தனை மணிக்கு வெளியே வரலாம் என்று சட்டம் போடுகிறவர்கள். நீங்கள் அவர்களுக்குப் புல்லுக்கட்சி என்று பெயர் வைத்திருந்தீர்கள். அக்கம்பக்கத்தில் ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார், கராஜில் இனி வாத்தியம் வாசிக்கக் கூடாது என்றது நோட்டீஸ். எங்களுக்கு அந்த நோட்டீசை மட்டும் காட்டினீர்கள். ஒத்திகைக்கு இடமில்லாமல் ஒரு மாதம் ஓடியது. ஏற்பாட்டாளர் வேறு குழுவைப் பார்த்துக்கொண்டார். ராஜினாமா கடிதத்தைக் கிழித்துப் போட்டீர்கள். குழு அதோடு சரி.

புகார் கொடுத்தது பக்கத்து வீட்டு வால்டர்தான் என்று நீங்கள் அடித்துச் சொன்னீர்கள். பாவம், ஓய்வுபெற்ற தபால்காரர், தனி ஆள். எட்டு வருடம் அவருக்கு நீங்கள் கை அசைக்கவில்லை. உங்கள் வீட்டு இலைச் சருகை ஊதி ஊதி அவர் பக்கம் தள்ளினீர்கள். கிறிஸ்துமசுக்கு அவர் கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவை வாசலிலேயே திருப்பி அனுப்பினீர்கள். பதிலுக்கு அவரும் அக்கா தலையைப் பார்த்தால் கராஜ் கதவைப் படாரென்று சாத்துவார். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த பகை.

சரி, கண்காட்சிக்கு வருகிறேன். குழுவைத் திரட்டக் கிளம்பினேன். யார் யார் என்ன ஆனார்கள் என்பதை நீங்கள் கேட்க வேண்டும்.

ஜெபநேசன் டாக்டர் பல் பிடுங்குவதை நிறுத்திவிட்டார். ஊருக்கு வெளியே நிலம் வாங்கினார். விவசாய நிலம் என்று காட்டினால் வரி குறையும் என்று யாரோ சொல்லி, கணக்குக்காக ஆறு ஆடு வாங்கினார். முதலில் கிறிஸ்துமசுக்கு ஒன்றை வெட்டுவதாகத்தான் திட்டம். இப்போது ஆறுக்கும் பெயர் இருக்கிறது, இரண்டுக்குப் பல் சுத்தம் செய்கிறார். நான் போன் பண்ணியதும், "ஓம் தம்பி, கட்டாயம் வாறன். ஆனா மேரிக்கு நான் இல்லாட்டி சாப்பாடு இறங்காது, அவளையும் கூட்டிக்கொண்டு வரலாமோ?" என்றார். மேரி யாரென்று நான் கேட்கவில்லை.

மைதிலிதான் உண்மையாகவே பாட்டுக்காரி ஆனது. தாடி வைத்த நாலு வெள்ளைக்காரர்களோடு ஊர் ஊராகப் போகிற குழுவில் பிடில் வாசிக்கிறார். பஸ்ஸில் ஐந்து பேருக்கும் தயிர்சாதம் அவர்தான் கலக்கிக் கொடுக்கிறாராம். "செந்தில், இங்க நாலு நிமிஷம் ஆலாபனை பண்ணா ஜனங்க கண்ண மூடிண்டு கேக்கறா. உங்க மாமாதான் வாட்சைப் பாப்பார்" என்றார். நாலு நாள் லீவு போட்டு வருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டார்.

என் கதை உங்களுக்குப் பாதி தெரியும். டேட்டாபேஸ் வேலை போயிற்று. இப்போது மஞ்சள் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன். அக்கா ஊரில் கேட்கிறவர்களிடம், "தம்பி போக்குவரத்துத் துறையில இருக்கறான்" என்கிறாள். மீதிப் பாதியைக் கேட்டால் நீங்கள் எழுந்து வந்து அடிப்பீர்கள். நான் புல்லுக்கட்சித் தலைவராகிவிட்டேன். கூட்டத்துக்கு ஒரு நாள் சமோசா சாப்பிடப் போனேன், வேறு யாரும் நிற்கவில்லை, என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

ஆள் எல்லாம் சேர்ந்தாயிற்று. ஆம்ப்ளிபயர், டிரம்ஸ், உங்கள் பாட்டு நோட்டுகள் எல்லாம் கராஜில் இருக்கின்றன. கராஜ் ரிமோட் அக்காவிடம். அக்கா தரமாட்டேன் என்றுவிட்டாள்.

நீங்கள் போனதிலிருந்து அந்தக் கராஜ் திறக்கவில்லை மாமா. காரைத் தெருவிலேயே நிறுத்துகிறாள். காரணம் கேட்டால் ரிமோட்டில் பேட்டரி இல்லை என்பாள். பேட்டரி வாங்கிக் கொடுத்தேன், அதைக் கடிகாரத்தில் போட்டுக்கொண்டாள். கண்காட்சி அழைப்பைச் சொன்னதும், "அவரு பாட்டு யாரும் பாட வேண்டாம். பாடினா நான் இந்த ஊர்லயே இருக்க மாட்டேன்" என்று உள்ளே போய்விட்டாள். கயலிடம் சொன்னேன். "ஜஸ்ட் ஆஸ்க் ஹர், மாமா. ஷி இஸ் ஹைடிங் சம்திங்" என்றாள். அக்காவிடம் எதையாவது சும்மா கேட்டுவிட முடியுமா? அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கே இது தெரியவில்லை.

காரைத் தெருவில் நிறுத்துவது விதிமீறல் என்று யாரோ புகார் கொடுத்தார்கள். தலைவர் நான். சொந்த அக்கா வீட்டு ஃபைலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புரட்டும்போது அடியில் பழைய காகிதம் ஒன்று வந்தது. ஒன்பது வருடத்துக்கும் முந்தைய அந்தப் புகார். கையெழுத்துப் போடாத மொட்டைக் கடுதாசி. இங்கிலீஷில் இருந்ததை அப்படியே தமிழில் தருகிறேன்:

"மரியாதைக்குரிய ஐயா, தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், மேற்படி வீட்டில் சனிக்கிழமைதோறும் வாத்தியச் சத்தம் தாங்க முடியவில்லை. டிரம்ஸ் அடிப்பவர் இரக்கமில்லாமல் அடிக்கிறார். பாடுகிறவர் குரலில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் இது அதற்கான சமயம் அல்ல. ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, ஒரு பக்கத்து வீட்டுக்காரர்."

காகிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி. நாலு மூலையிலும் மஞ்சள்.

அந்தத் தெருவில் அப்போது தமிழ் வீடு உங்களுடையது ஒன்றுதான். கயலின் பள்ளி விண்ணப்பமோ வருமான வரிக் காகிதமோ, சுழி போட்டு மஞ்சள் தடவாமல் அக்கா எதையும் வீட்டைவிட்டு வெளியே அனுப்பியதில்லை. மொட்டைக் கடுதாசிக்கும் காரியம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று தடவியிருக்கிறாள். நகல் ஒன்று சம்பந்தப்பட்ட வீட்டுக்கு அனுப்பப்பட்டது என்று கீழே ஒரு குறிப்பும் இருந்தது. அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸை நிறுத்திவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். காகிதத்தை அடுப்பு மேடையில் வைத்தேன்.

"அக்கா, இது யார் எழுதுனது?"

பார்த்தாள். தோசையைத் திருப்பிப் போட்டாள். "யாரோ. எழுத்து நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

"மூலையில மஞ்சள் இருக்குதே."

அடுப்பை அணைத்தாள். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "பிரின்டர்ல அந்த ராஜினாமா கடுதாசியப் பாத்தேன்டா. கயலு எட்டாவது படிக்கறா. வேலைய விட்டா அறுபது நாள்ல மூட்டை கட்டோணும். நான் நேரா வேண்டாம்னு சொல்லியிருந்தா உங்க மாமா உட்டிருப்பாரு. ஆனா என்னாலதான் போச்சுன்னு சாகிற வரைக்கும் மனசுல இருக்கும். அதுக்குத்தான் மூணாவது ஆளு சொன்ன மாதிரி எழுதிப்போட்டேன்."

"அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாமே."

"கார்டு வரட்டும்னு இருந்தேன். நாலு வருசம் கழிச்சு வந்துச்சு, அதுக்குள்ள அவரு வால்டரோட சண்டை கட்டி ஊரே பாத்துருச்சு. கடைசில ஆஸ்பத்திரில கையப் புடிச்சுட்டுச் சொல்லிப்போடலாம்னு வாயெடுத்தேன். நர்சு வந்துட்டா. அப்பறம் சொல்றதுக்கு ஆளில்லை." கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, அப்படியே பேசினாள். "செய்யாத தப்புக்கு அந்த மனுசனைத் திட்டித் திட்டியே போயிட்டாரு. அவரு பாட்டெல்லாம் அந்தக் கராஜுக்குள்ள கெடக்குது. நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுத் தொறக்கறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது மாமா. அக்காவை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஆறிப்போன தோசையை இரண்டு பேரும் பிய்த்துப் பிய்த்துத் தின்றோம், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

குறைந்தபட்சம் வால்டரிடம் மன்னிப்பாவது கேட்போம் என்று பக்கத்து வீட்டுக்குப் போனேன். உங்களை எரிக்கிற அன்றைக்குத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார், நினைவிருக்கிறது. வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று யாரோ முணுமுணுத்தார்கள். கதவைத் திறந்தார். எங்கள் மாமா உங்களைத் தப்பாக நினைத்துவிட்டார், புகார் கொடுத்தது நீங்கள் இல்லை என்று எங்களுக்கு இப்போதுதான் தெரிந்தது, குடும்பத்தின் சார்பாக மன்னியுங்கள் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்லி முடித்தேன்.

வால்டர் சிரித்தார். சிரித்து இருமி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "உன் மாமாவுக்குத் தெரியுமே. நோட்டீசோடு அந்தக் கடிதத்தின் நகலும் வந்ததே. அன்றைக்கே என்னிடம் கொண்டுவந்து காட்டினார். எத்தனையோ வருடம் கடிதம் சுமந்தவன் நான், அலங்காரம் செய்த புகாரை அன்றுதான் பார்த்தேன்."

மாமா, நான் அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் அவரிடம் சொன்னீர்களாமே. இது என் மனைவி எழுதியது, அவள் செய்தது சரி, நான்தான் தொப்பி போட்டதும் புத்தி மாறிப் போனேன். ஆனால் எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்தால் நொந்து போவாள். அதனால் பழி சுமக்க எனக்கு ஓர் எதிரி வேண்டும், நீங்கள் இருக்க முடியுமா என்று கேட்டீர்களாமே. யாராவது பக்கத்து வீட்டுக்காரனிடம் போய் இப்படி உதவி கேட்பார்களா? "எனக்கும் ஓய்வு காலம், பொழுது போக வேண்டாமா, சரி என்றேன்" என்றார் வால்டர். இலைச் சருகு ஊதியது, பிஸ்கட்டைத் திருப்பியது, கதவைப் படாரென்று சாத்தியது, எல்லாம் நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டது. கதவு சாத்துவதை மட்டும் தான் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டதாக வருத்தப்பட்டார்.

இவ்வளவுதானா என்று பார்த்தால், வியாழக்கிழமை வந்தது. வியாழன்தோறும் நீங்கள் சாய்பாபா கோவிலுக்குப் போவதாக அக்கா நம்பிக்கொண்டிருந்தாள். அந்தக் கோவிலிலிருந்து நீங்கள் பொட்டலத்தில் கொண்டுவருவது எப்போதும் இனிப்புப் பிரசாதம்தான் என்று பெருமையாகச் சொல்வாள். நீங்கள் போனது டோனட் கடைக்கு. கடைக்குப் பின்னால் வால்டரின் பிக்கப் வண்டி நிற்கும். அதற்குள் நீங்கள் கிட்டார், அவர் மவுத் ஆர்கன். வீட்டுக்குக் கிளம்பும்போது பூசிக்கொள்ள வண்டியிலேயே விபூதிப் பொட்டலம் ஒன்று. அதை அவர் இன்னும் எடுக்கவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறார்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று இத்தனை நேரம் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் என்ன ஆனீர்கள் என்பதுதான் எங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. பாட்டை விட்டுவிட்டார், அதனால்தான் சுருங்கிப் போனார் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். எட்டு வருடம் விடாமல் பாடியிருக்கிறீர்கள். நம் நாலு பேரில் ஓய்வே எடுக்காதவர் நீங்கள்தான்.

இதை ஏன் அக்காவிடம் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று வால்டரிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ரகசியம் உங்கள் வீட்டிலேயே வெளியே வந்துவிட்டது என்று நீ இப்போதுதானே சொல்கிறாய்?" என்றார். பிறகு வண்டிச் சாவியை எடுத்தார்.

அக்காவை அழைத்து வந்து அந்தப் பிக்கப்பில் முன்சீட்டில் உட்கார வைத்தோம். என்ன ஏது என்று சொன்னேன். "என்னடா உளர்றே" என்று ஆரம்பித்தாள். வால்டர் தன் போனில் இருந்த பாட்டைப் போட்டார். மவுத் ஆர்கன், நடுவில் ஒரு நாய் குரைப்பது, அப்புறம் உங்கள் குரல்.

மஞ்சத் தடவி மொட்டக் கடுதாசி போட்டவளே,
மாட்டுக்காரன் ஓட்டத்துக்கு மூக்கணாங்கயிறு போட்டவளே,
யாரு போட்டான்னு ஊரெல்லாம் கேட்டுத் திரியறன் புள்ளே,
தெரிஞ்சா நீ அழுவேன்னு தெரியாமயே திரியறன் புள்ளே.

அக்கா அசையாமல் கேட்டாள். பாட்டு முடிந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு நாய் யாருடையது என்று வால்டரிடம் கேட்டேன்.

"கோயிலுக்குப் போறேன்னு எட்டு வருசம் டோனட்டு" என்றாள் அக்கா. "சக்கரை இருக்குது, மாத்திரை முழுங்கற மனுசன், வாரா வாரம் டோனட்டு. நானும் பிரசாதம்னு கண்ணுல ஒத்தித் தின்னிருக்கறேன்." அப்புறம்தான் அழுதாள். நடுவில் சிரித்தாள், மறுபடி அழுதாள். வால்டர் இறங்கி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். "இன்னொருக்காப் போடச் சொல்லுடா" என்றாள். அன்றைக்கு அதை ஏழு முறை கேட்டோம்.

சனிக்கிழமை நாலு மணிக்குக் கராஜ் திறந்தது. ரிமோட்டுக்குப் பேட்டரியைக் கடிகாரத்திலிருந்து அக்காவே கழற்றிப் போட்டாள். மைதிலி வந்தார். ஜெபநேசன் டாக்டர் மேரியோடு வந்தார். மேரி உங்கள் பழைய நோட்டில் இரண்டு பக்கத்தைத் தின்றுவிட்டது. நல்ல வேளையாக, அந்தப் பாம்புக் கதையை நீங்கள் பாட்டாக்கிய பக்கங்கள். வால்டருக்கு அக்கா ஓர் அண்டா நிறையப் பொங்கல் வைத்தாள், எட்டு வருடத்துப் பொங்கலையும் சேர்த்து ஒரே நாளில் தின்ன வேண்டும் என்று உத்தரவு. அவர் மூன்று வருடத்துப் பொங்கல் வரை தின்றார்.

திங்கட்கிழமை எனக்கு ஒரு புகார் வந்தது. மேற்படி வீட்டுக் கராஜில் மறுபடி வாத்தியச் சத்தம் என்று. முதலில் நாலு மூலையையும் பார்த்தேன். மஞ்சள் இல்லை. அதனால் அவ்வளவு அவசரமில்லை என்று ஃபைலுக்குள் வைத்திருக்கிறேன். அடுத்த ஒத்திகை மேரி வீட்டு நிலத்தில்.

இப்போது உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மாமா. இந்த முறை இருபது நிமிடமும் பாடுவோம். வரவேற்புரை கிடையாது. குத்துவிளக்கு கிடையாது, அக்கா பேட்டரி விளக்கு வாங்கிவிட்டாள், அதையும் வைக்கோல் மேல் வைக்கமாட்டோம். ஆலாபனை ஒரே நிமிடம், மைதிலி சத்தியம் செய்திருக்கிறார். பொன்னாடை ஒன்றே ஒன்று, வால்டருக்கு. அவர் நம் குழுவின் மவுத் ஆர்கன்காரர் என்று அறிவிக்கப் போகிறோம். கடைசிப் பாட்டு மொட்டைக் கடுதாசிப் பாட்டு. அக்கா பாடுகிறாள். சுருதி கொஞ்சம் அப்படி இப்படித்தான் போகிறது, நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள், உங்களுக்குத்தான் கண்டுகொள்ளாமல் இருப்பதில் நல்ல பழக்கம் உண்டே.

கடிதத்தைச் சங்கத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் அக்காவிடம் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் போட்டுக்கொள் என்றாள். என் கையிலிருந்து வாங்கி, மேலே சுழி போட்டாள். பிறகு சமையலறைக்குப் போய் மஞ்சள் டப்பாவை எடுத்து வந்தாள். இறந்தவருக்கு எழுதுகிற கடிதத்துக்கு மஞ்சள் தடவக் கூடாது அக்கா என்றேன்.

"இது துக்கக் கடுதாசி இல்லடா. அவருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்னு அவருக்குச் சொல்லி அனுப்பறேன்" என்றாள். நாலு மூலையிலும் நிதானமாகத் தடவினாள். அச்சில் அது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

என்றும் உங்கள் மாப்பிள்ளை,
உங்கள் வீட்டம்மாவின் தம்பி,
செந்தில்